விசாரணை உண்டு, தீர்ப்பு இல்லை!

11,780!

ஏலக் களத்திலே கூவப்பட்ட விலை அல்ல இது. எண்ணி முடிக்கப்பட்ட தேர்தலிலே, தோற்றவர் கேட்ட வாக்குகளின் தொகை! 2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக அன்று இருந்த டொனால்ட் டிரம்ப், ஜார்ஜியா மாநிலத்தில் தேர்தல் பொறுப்பு வகித்த மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு மணி நேரம் பேசினார். அந்த மாநிலத்திலே அவர் பின்தங்கியது 11,779 வாக்குகளில். அதைவிட ஒன்று கூடுதலாக, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க விரும்புவதாகக் கூறினார். கண்டுபிடிப்பதற்கு, அவை என்ன, மேய்ச்சலுக்குப் போய் வழி தவறிய மாடுகளா? மக்கள் வாக்களித்தார்கள், அலுவலர் எண்ணினார்கள், ஐயம் கிளப்பப்பட்டதும் தாள் தாளாகக் கையால் மறுபடியும் எண்ணினார்கள். எண்ணி முடித்த பிறகு இல்லாத வாக்கு எந்தப் பானைக்குள்ளிருந்து வரும்? ராஃபென்ஸ்பெர்கர் டிரம்பின் கட்சிக்காரர்தாம், அவருக்கே வாக்களித்தவர்தாம். எனினும், தாங்கள் வைத்திருக்கும் கணக்குத் தவறான கணக்கு என்று கூறி மறுத்துவிட்டார்.

அந்தப் பேச்சு ஒலிப்பதிவாயிற்று. மறுநாளே உலகம் கேட்டது. கேட்டபின் நடந்தது என்ன? விசாரித்தனர். ஆயிரம் பேருக்கு மேல் அழைத்து விசாரித்தனர். எண்ணூறு பக்கங்களுக்கு மேல் அறிக்கை எழுதினர். குற்றப் பத்திரிகை தீட்டினர். விசாரணைக்கு நாளும் குறித்தனர். எல்லாம் நடந்தன, தீர்ப்பு ஒன்றைத் தவிர! கலகம் நடந்த கதையைப் பலர் எழுதிவிட்டனர். நாம் எழுத விரும்புவது வேறு கதை: கலகத்தைப் பற்றிய விசாரணை, கற்பூரம்போலக் கரைந்துபோன கதை.

முதலில், எதைப் பற்றிய விசாரணை என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம்.

2020ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நடந்த தேர்தலில் ஜோ பைடனுக்கு 8 கோடியே 12 இலட்சம் பேரும், டிரம்புக்கு 7 கோடியே 42 இலட்சம் பேரும் வாக்களித்தனர். ஆனால் அந்த நாட்டிலே மக்கள் தங்கள் தலைவரை நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர் என்போர் உண்டு. மொத்தம் 538 பேர். அவர்களிலே 270 பேரின் ஆதரவைப் பெற்றவரே தலைவர். பைடனுக்கு 306; டிரம்புக்கு 232. அந்த எண்களை மாநிலங்கள் சான்றளித்து அனுப்பும். காங்கிரஸ் எனப்படும் அவர்களுடைய நாடாளுமன்றம் ஜனவரி 6ஆம் நாள் கூடி, உறையைப் பிரித்து, எண்ணி அறிவிக்கும். சுற்றி வளைத்த முறை. சுற்று மிகுந்த வீட்டிலே சந்து பொந்துகளும் மிகுதி. அந்தச் சந்துகளிலேதான் புகுந்தார்கள்.

நேர்வழியிலே முயலவில்லையோ எனில், முயன்றார்கள். 60க்கு மேற்பட்ட வழக்குகள்! ஏறத்தாழ எல்லாவற்றிலும் தோல்வி. டிரம்ப் தம் கையாலேயே நியமித்த நீதிபதிகள் கூட, “குற்றச்சாட்டு இருக்கிறது, ஆதாரம் எங்கே?” என்ற கேள்வியைத்தான் எழுப்பினார்கள். அவருடைய சட்டத்துறைத் தலைவர் வில்லியம் பார், முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு மோசடி எதனையும் காணவில்லை என்று டிசம்பர் 1ஆம் நாள் கூறினார். தேர்தல் பாதுகாப்பைக் கவனித்த அலுவலர் கிறிஸ்டபர் கிரெப்ஸ், தேர்தல் பாதுகாப்பாகவே நடந்தது என்றார். நவம்பர் 17ஆம் நாள் வேலையிழந்தார்! காய்ச்சல் இல்லை என்று சொன்ன வைத்தியரை விரட்டிவிட்டு, காய்ச்சல் என்று சொல்லும் வைத்தியரைத் தேடி அலைந்த கதை.

வழக்கு மன்றத்தின் கதவு மூடப்பட்டதும், போலிப் பத்திரம் பிறந்தது. டிசம்பர் 14ஆம் நாள், மெய்யான தேர்வாளர்கள் தத்தம் மாநிலத் தலைநகரங்களிலே கூடி வாக்களித்த அதே வேளையில், டிரம்ப் தோற்ற ஏழு மாநிலங்களிலே (அரிசோனா, ஜார்ஜியா, மிச்சிகன், நெவாடா, நியூ மெக்சிகோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின்) தோற்ற கட்சியினரும் கூடி, ‘நாங்களே தேர்வாளர்கள்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அடுத்தவன் நிலத்துக்குத் தன் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து கிரயப் பத்திரம் எழுதுகிறவனை நம் கிராமத்திலே என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதிலே ஒரு வேடிக்கை. பென்சில்வேனியாவிலும் நியூ மெக்சிகோவிலும் கையெழுத்திட்டவர்கள், ‘வழக்கிலே நாங்கள் வென்றால்தான் இது செல்லும்’ என்ற பொருளிலே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக் கொண்டார்கள். செய்வது இன்னதென்று அறியாத அப்பாவிகளாகவா அந்த நிபந்தனையைச் சேர்த்திருப்பார்கள்?

பிறகு சட்டத்துறை. மோசடி பற்றி ஐயம் உண்டு என்று ஜார்ஜியா மாநிலத்துக்கு ஒரு கடிதம் எழுத ஆயத்தமாக இருந்த ஜெஃப்ரி கிளார்க் என்பவரை, அந்தத் துறையின் தலைமையிலேயே அமர்த்த எண்ணினார் டிரம்ப். ஜனவரி 3ஆம் நாள் மாலை அவர் அலுவலகத்திலே கூடிய உயர் அலுவலர்கள், அவ்விதம் செய்தால் நாங்கள் கூண்டோடு விலகுவோம் என்றனர். எண்ணம் கைவிடப்பட்டது. எஞ்சியவர் துணைத் தலைவர் மைக் பென்ஸ். உறையைப் பிரிக்கும் வேலை அவருடையது. பிரிக்கும்போதே சிலவற்றை ஒதுக்கிவிடலாம் என்று ஜான் ஈஸ்ட்மன் என்ற வழக்கறிஞர் யோசனை எழுதித் தந்தார். பென்ஸ் மறுத்தார். அஞ்சல்காரன் தனக்குப் பிடிக்காத கடிதங்களைக் கிழித்தெறியலாம் என்பது போன்ற சட்ட விளக்கம் அது. நான்கு ஆண்டுக் காலம் தலைவருக்குத் தலையாட்டியவர் என்று பெயரெடுத்த பென்ஸ்கூட அதற்குத் தலையாட்டவில்லை.

ஜனவரி 6 வந்தது. டிரம்ப் கூட்டத்திலே பேசினார். கூட்டம் காங்கிரஸ் மாளிகை நோக்கிச் சென்றது. கதவும் கண்ணாடியும் உடைந்தன. போலீசார் 140 பேருக்கு மேல் காயமுற்றனர். வெளியே தூக்குமரம் ஒன்று நாட்டப்பட்டது. துணைத் தலைவரைத் தூக்கிலிடு என்ற கூச்சல் கேட்டது. அன்றிரவே மன்றம் மறுபடி கூடியது. விடியுமுன் எண்ணி முடித்தது. வெளியே நடந்தது அவ்வளவுதான். உடைத்தவன் முகம் படக்கருவியிலே பதிந்திருந்தது. 1,500 பேருக்கு மேல் வழக்குத் தொடரப்பட்டது. கடைக்காரன், தச்சன், ஓய்வு பெற்ற சிப்பாய் எனப் பலதரப்பட்டவர்கள் சிறை சென்றார்கள்.

கல்லெறிந்தவன் சிறையிலே, கல்லெறியக் காரணமான கட்டுக்கதையைக் கட்டியவர்கள் எங்கே? இதுதான் விசாரணை விடை காண வேண்டிய கேள்வி. இங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பமாகிறது.

2021 ஜனவரி 13ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் சபை, 232க்கு 197 என்ற கணக்கிலே டிரம்ப் மீது கண்டனக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. பிப்ரவரி 13ஆம் நாள் செனட் சபையிலே ‘குற்றவாளி’ என்றோர் 57 பேர், ‘அல்ல’ என்றோர் 43 பேர். மூன்றில் இரு பங்கு, அதாவது 67 பேர் வேண்டுமாம், ஆகவே விடுதலை. அன்று, அந்தக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல், விடுதலைக்கே வாக்களித்துவிட்டு, வாக்களித்த கையோடு எழுந்து, நடந்ததற்கு டிரம்பே பொறுப்பு என்று பேசினார்! பின் ஏன் விடுதலை? அவர் இப்போது பதவியில் இல்லை, முன்னாள் தலைவர், முன்னாள் தலைவரை விசாரிக்க நாட்டிலே நீதிமன்றங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள் என்றார்.

சரி, போனார்கள். மூன்றாண்டு கழித்து, 2024 ஜனவரி 9ஆம் நாள், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலே டிரம்பின் வழக்கறிஞர் என்ன வாதாடினார் தெரியுமா? குடியரசுத் தலைவராக இருந்தவர் மீது வழக்குத் தொடர வேண்டுமானால், முதலில் செனட் சபை அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்திருக்க வேண்டும் என்றார். எதிர்க்கட்சிக்காரரைக் கொல்லும்படி படைக்கு ஆணையிட்டாலுமா என்று நீதிபதி கேட்டார். அப்போதும் செனட்டின் தீர்மானம் முதலில் வேண்டும் என்பதே விடையின் சாரம்! செனட்டுக்குப் போனால் நீதிமன்றத்துக்குப் போ. நீதிமன்றத்துக்குப் போனால் செனட்டுக்குப் போ. நம் தாலுகாக் கச்சேரிகளிலே, ‘இந்த மனு இங்கே அல்ல, அந்த அறையிலே’ என்று கிழவியை அலையவைக்கும் குமாஸ்தாவை அறிவோம். அந்தக் குமாஸ்தாவுக்கு வழக்கறிஞர் அங்கி அணிவித்துப் பார்த்தது போலிருந்தது.

இடையிலே நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. இரு கட்சியும் சமமாக அமரும் தனி விசாரணைக் குழு ஒன்று அமைக்க மசோதா கொண்டுவந்தனர். பிரதிநிதிகள் சபை 252க்கு 175 என ஏற்றது. செனட்டிலே, 2021 மே 28ஆம் நாள், வேண்டும் என்றோர் 54. வேண்டாம் என்றோர் 35. வேண்டும் என்ற 54 தோற்றது! விவாதத்தை முடிக்க 60 வேண்டும் என்பது அவர்கள் சம்பிரதாயம். பெரும்பான்மையைச் சிறுபான்மை வெல்லும் இந்தச் சம்பிரதாயத்தைப் புனிதமென்று போற்றுவோர் அந்நாட்டிலே உண்டு. பழமை என்றால் பக்தி பிறப்பது எந்த நாட்டுக்கும் பொதுவான நோய் போலும்.

ஆகவே பிரதிநிதிகள் சபை தானே ஒரு தேர்வுக் குழுவை அமைத்தது. ஒன்பது உறுப்பினர், தலைவர் பென்னி தாம்சன், துணைத் தலைவர் லிஸ் செனி, டிரம்பின் கட்சிக்காரர். அந்தக் குழுவின் வேலையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. 2022 ஜூன் 9ஆம் நாள் தொடங்கிய பொது விசாரணைகளிலே, பேசியவர்களில் பெரும்பாலோர் டிரம்பின் சொந்தக் கட்சியினர், அவருடைய மாளிகையிலேயே பணியாற்றியவர்கள். அரிசோனா சபைத் தலைவர் ரஸ்டி பவர்ஸ் வந்தார். டிரம்ப் வெற்றி பெற வேண்டுமென்று விரும்பியவர். எனினும், மோசடிக்கு ஆதாரம் காட்டுங்கள் என்று தாம் கேட்டதையும், ஆதாரம் வராததையும் எடுத்துரைத்தார்.

எல்லோரையும்விட நம் நெஞ்சில் நிற்பது, ஜார்ஜியாவில் வாக்கு எண்ணிய ஒரு தாயும் மகளும். கறுப்பின மக்கள். எண்ணும் கூடத்திலே தாய் மகளிடம் ஏதோ ஒரு சிறு பொருளைக் கொடுப்பது படத்திலே தெரிந்தது. நியூயார்க் நகரத்தின் மேயராக ஒருகாலத்திலே புகழ்பெற்றிருந்த வழக்கறிஞர் ரூடி ஜூலியானி, கணிப்பொறியை ஏமாற்றும் கருவியைத்தான் கைமாற்றினார்கள் என்று கூசாமல் குற்றம் சாட்டினார். மிரட்டல்கள் குவிந்தன. தாய் வீட்டைவிட்டு வெளியேறி ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. குழுவின் முன்னே மகளிடம் கேட்டனர்: அம்மா உன்னிடம் கொடுத்தது என்ன? இஞ்சி மிட்டாய்! ஆம், தோழர்களே, இஞ்சி மிட்டாய்! உலகத்தின் மிகப் பெரிய வல்லரசின் தேர்தலைக் கவிழ்த்ததாகச் சொல்லப்பட்ட சூழ்ச்சி, தாய் மகளுக்குத் தந்த ஒரு மிட்டாய். 2023 டிசம்பரில் வாஷிங்டன் நீதிமன்றத்தின் நடுவர் குழு, அந்த இருவருக்கும் 14 கோடியே 80 இலட்சம் டாலர் இழப்பீடு தருமாறு ஜூலியானிக்கு ஆணையிட்டது. ஏழைப் பெண்கள் இருவர் தொடுத்த மானநட்ட வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. ஒரு நாட்டின் மானத்துக்காகத் தொடுத்த வழக்குக்கோ?

தேர்வுக் குழுவுக்குக் கேட்கும் உரிமை உண்டு. தண்டிக்கும் உரிமை இல்லை. 2022 டிசம்பர் 19ஆம் நாள், டிரம்ப் மீது வழக்குத் தொடருமாறு சட்டத்துறைக்குப் பரிந்துரைத்தது. சில நாட்களில் அறிக்கையும் வெளியாயிற்று. விலை? லிஸ் செனி, அந்த ஆகஸ்டிலேயே தம் கட்சியின் வேட்பாளர் தேர்விலே தோற்கடிக்கப்பட்டார். ஒரு பயனும் விளைந்தது: துணைத் தலைவருக்கு உறை பிரிக்கும் சடங்கைத் தவிர வேறு அதிகாரம் இல்லை என்றும், ஆட்சேபம் எழுப்ப ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையொப்பம் வேண்டும் என்றும், 1887ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டையை அடைத்தது நன்று. ஓட்டை வழியே புகுந்தவரை என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.

இங்கே நாம் குற்றம் சாட்ட வேண்டியது, டிரம்பின் எதிரிகள் எனத் தம்மைச் சொல்லிக் கொண்டோரை. ஜனவரி 6, 2021இலே நடந்த நிகழ்ச்சிக்குத் தனி வழக்கறிஞராக ஜாக் ஸ்மித் நியமிக்கப்பட்டது எப்போது? 2022 நவம்பர் 18! ஏறத்தாழ 22 திங்கள்! பைடனின் சட்டத்துறைத் தலைவர் மெரிக் கார்லண்ட், மிகவும் நேர்மையானவர், மிகவும் நிதானமானவர் என்பர். நிதானம் நல்ல குணம்தான், கூரையிலே தீப்பற்றாத வரையிலே. அரசியல் பழிவாங்கல் என்று எவரும் பேசிவிடக் கூடாதே என்று அஞ்சி அஞ்சி அவர்கள் காலத்தைப் போக்கினார்கள். பேசுகிறவர்கள் எப்படியும் பேசினார்கள். பழிச்சொல்லும் வந்தது, காலமும் போயிற்று. டிரம்பின் தரப்பிலே வல்ல வழக்கறிஞர் பலர் வாதாடினர். அவர்கள் அனைவரையும்விட வல்லவராக வாதாடியது நாட்காட்டி!

2023 ஆகஸ்ட் 1ஆம் நாள் நான்கு குற்றச்சாட்டுகள். தாம் குற்றமற்றவர் என்று டிரம்ப் கூறினார். அது அவர் உரிமை. 2024 மார்ச் 4ஆம் நாள் விசாரணை தொடங்கும் என்றார் நீதிபதி தான்யா சுட்கன். தொடங்கவில்லை. தலைவருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டா என்ற கேள்வியை உடனே எடுத்து முடிவு சொல்லுமாறு 2023 டிசம்பரில் ஸ்மித் உச்ச நீதிமன்றத்தை வேண்டினார், மறுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம், விலக்கு இல்லை என்று பிப்ரவரியிலே கூறிற்று. பிறகு உச்ச நீதிமன்றம் எடுத்துக் கொண்டது. ஏப்ரல் 25ஆம் நாள் வாதம் கேட்டது. ஜூலை 1ஆம் நாள் முடிவு சொன்னது. தேர்தலோ நவம்பரிலே!

அந்த முடிவை ஒவ்வொரு வாக்காளனும் அறிந்திருக்க வேண்டும். ஆறு பேர் ஒருபுறம், மூவர் மறுபுறம். அரசியல் சட்டம் தலைவருக்கென்றே ஒதுக்கிய அதிகாரங்களிலே அவர் எது செய்தாலும் வழக்கில்லை. ஏனைய அலுவல் முறைச் செயல்களுக்கும் விலக்கு உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும். சட்டத்துறை அலுவலரை அழைத்து அவர் பேசியவை வழக்குக்கு அப்பாற்பட்டவை. விலக்குப் பெற்ற செயல்களைச் சாட்சியமாகக் காட்டவும் கூடாது. எது அலுவல், எது சொந்தக் காரியம் என்று பிரிக்கும்போது, அவருடைய உள்நோக்கத்தை ஆராயக் கூடாது! உள்நோக்கத்தை ஆராயாமல் குற்றத்தை ஆராய்வது எப்படி? கத்தி பிடித்த கை மருத்துவன் கையா, கொலைஞன் கையா என்பதை நோக்கத்தைப் பார்க்காமல் எவ்விதம் சொல்வது? இதனால் தலைவர் சட்டத்துக்கு மேற்பட்ட அரசராகிவிட்டார் என்று எழுதினார், மறுத்த மூவரிலே ஒருவரான சோனியா சோட்டோமேயர்.

அரசன் ஆண்டவனின் கூறு, ஆகவே அவன் செய்வது தவறாகாது என்ற புராணம் எங்கே பிழைத்திருக்கிறது பாருங்கள்! மன்னனே வேண்டாம் என்று 1776இலே பிரகடனம் செய்து பிறந்த நாட்டின் தலைமை நீதிமன்றத்திலே. பாண்டியன் அவைக்கு ஒருத்தி ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்டு வந்தாள். ‘கோவலனைக் கொல்லச் சொன்னது என் அலுவல் முறைச் செயல், விலக்கு உண்டு, நீ போகலாம்’ என்றா சொன்னான் அந்த மன்னன்? முடியாட்சிக் காலத்துக் கதை அது. குடியாட்சிக் காலத்திலே, குடைக்கும் கோலுக்கும் இல்லாத பாதுகாப்பைக் கோப்புக்கும் கையெழுத்துக்கும் தருகிறார்கள்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2024 நவம்பர் 5ஆம் நாள் டிரம்ப் வென்றார். பதவியிலிருக்கும் தலைவர் மீது வழக்கு நடத்துவதில்லை என்பது அவர்கள் சட்டத்துறையின் பழைய கொள்கை. ஆகவே நவம்பர் 25ஆம் நாள் வழக்குக் கைவிடப்பட்டது. 2025 ஜனவரி 14ஆம் நாள் வெளியான அறிக்கையிலே ஸ்மித் எழுதினார்: தேர்தல் முடிவு குறுக்கிடாதிருப்பின், தண்டனை பெற்றுத் தரவும் அதனை நிலைநிறுத்தவும் போதிய சான்றுகள் இருந்தன என்று. ஆறு நாள் கழித்துப் பதவியேற்ற டிரம்ப், பதவியேற்ற அன்றே, ஜனவரி 6 வழக்குகளிலே சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். 14 பேரின் தண்டனையைக் குறைத்தார். அதே நாள், பதவி விலகும் பைடன், விசாரித்த தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார். விசாரிக்கப்பட்டவருக்கும் மன்னிப்பு, விசாரித்தவருக்கும் மன்னிப்பு! இதைவிட அலங்கோலமான முடிவை ஒரு நாடக ஆசிரியன்கூட எழுத நாணுவான்.

‘மக்கள் மன்றம் தீர்ப்பளித்துவிட்டது, அதற்கு மேல் நீதிமன்றம் எதற்கு?’ என்பர். அழகான வாதம், ஆராய்ந்தால் உதிரும் வாதம். மக்கள் 2024இலே தேர்ந்தெடுத்தது ஆளும் தலைவரை. 2020இலே என்ன நடந்தது என்ற வழக்கின் சாட்சியங்களை அவர்கள் முன் எவரும் வைக்கவில்லை. சாட்சி ஏறவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை. விலைவாசியையும் குடியேற்றத்தையும் எண்ணி வாக்களித்தவனின் சீட்டை எடுத்து, இதுதான் விடுதலைத் தீர்ப்பு என்று ஒட்டுவது எந்த நியாயம்? ‘மக்கள் வாக்கே மேலானது’ என்ற வாதத்தைக் கேட்டு நமக்குச் சிரிப்பும் வருகிறது. மக்கள் வாக்கை மாற்ற முயன்றார் என்பதுதானே குற்றச்சாட்டே! டிரம்ப் குற்றவாளி என்று நாம் தீர்ப்பெழுத முற்படவில்லை. அதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. அதிகாரமுள்ள மன்றம் அதை எழுதாதபடி கையைப் பிடித்தவர் யார் என்பதே நம் கேள்வி. அவர் மாசற்றவர் என்றால் அவருக்கும் ஒரு தீர்ப்புக் கிடைத்திருக்க வேண்டாமா?

வேறு வழி இல்லை, பதவியிலிருந்தவரை விசாரிப்பது என்றால் இப்படித்தான் இழுபடும் என்று பெருமூச்சு விடுவோரைத் தென்னமெரிக்காவின் பக்கம் திரும்பச் சொல்கிறோம். அதே காலம், அதே நாடகம், முடிவு மட்டும் வேறு.

பிரேசில் நாட்டிலே 2022 அக்டோபர் 30ஆம் நாள் லூலா, குடியரசுத் தலைவராயிருந்த ஜெயிர் போல்சனாரோவை ஏறத்தாழ 21 இலட்சம் வாக்குகளில் வென்றார். போல்சனாரோ, தேர்தலுக்கு முன்பே, ஜூலையில், பிற நாட்டுத் தூதர்களை மாளிகைக்கு அழைத்து, எங்கள் வாக்குப் பொறி நம்பத்தக்கதல்ல என்று சொல்லி வைத்தவர். சொந்த வீட்டு அடுப்பை ஊராரிடம் தூற்றிய புண்ணியவான்! தோற்றபின் பட்டம் சூட்டு விழாவுக்கும் நில்லாமல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார். 2023 ஜனவரி 8ஆம் நாள், தலைநகர் பிரேசிலியாவிலே, நாடாளுமன்றம், தலைவர் மாளிகை, உச்ச நீதிமன்றம் மூன்றையும் கூட்டம் சூறையாடிற்று.

ஆறே திங்களில், ஜூன் 30ஆம் நாள், அந்நாட்டுத் தேர்தல் நீதிமன்றம், தூதர் கூட்டத்தின் பேரால், 2030 வரை அவர் தேர்தலில் நிற்கலாகாது என்றது. காவல் துறை புலனாய்வை முடித்து 2024 நவம்பரில் அறிக்கை தந்தது. 2025 பிப்ரவரியில் குற்றச்சாட்டு. மார்ச்சில் நீதிமன்றம் ஏற்றது. தேர்தல் முடிவை மாற்றும் ஆணைக்கான யோசனை தங்கள் முன் வைக்கப்பட்டதென்றும், தாங்கள் இசையவில்லை என்றும் தரைப்படை, விமானப்படைத் தலைவர்களாயிருந்தோர் சாட்சி சொன்னார்கள். 2025 செப்டம்பர் 11ஆம் நாள், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கிலே தீர்ப்பு: போல்சனாரோவுக்கு 27 ஆண்டு 3 திங்கள் சிறை. கடற்படைத் தலைவராயிருந்தவருக்கு 24 ஆண்டு. மக்களாட்சியை வன்முறையால் ஒழிக்க முயல்வது குற்றம் என்ற சட்டம் 2021இலே வந்தது. அதிலே கையெழுத்திட்டவர் போல்சனாரோதான்!

அமெரிக்காவுக்கு இயலாதது பிரேசிலுக்கு எப்படி இயன்றது? அவர்கள் பட்டவர்கள். 1964 முதல் 1985 வரை இருபத்தோராண்டுகள் படையாட்சியின் பூட்சுக் காலின் கீழே கிடந்தார்கள். 1979இலே பொது மன்னிப்புச் சட்டம் ஒன்று வந்தது. சித்திரவதை செய்தவனும் மன்னிக்கப்பட்டான். மறப்போம் மன்னிப்போம் என்றால் என்ன விளையும் என்பதை அந்த நாட்டார் ஏட்டிலே படித்து அறியவில்லை. உடம்பிலே பட்டு அறிந்தார்கள்.

பிரேசிலின் விசாரணை பழுதற்றது என்று நாம் பாடவில்லை. தீட்டப்பட்ட திட்டத்திலே தாமும் கொலைக்குக் குறிக்கப்பட்டவர் என்று கூறப்பட்ட நீதிபதி அலெக்சாண்டர் டி மொராயஸ், அந்த வழக்கை நடத்தும் நீதிபதியாகவும் அமர்ந்தார். வேறொருவர் அமர்ந்திருந்தால் தீர்ப்பின் ஒளி கூடியிருக்கும். இந்த நீதிமன்றத்துக்கு இவ்வழக்கிலே அதிகாரமே இல்லை என்று எழுதினார், மாறுபட்ட நீதிபதி லூயிஸ் ஃபுக்ஸ். அதையும் பதிவு செய்தார்கள். நாடே பார்க்கத் தொலைக்காட்சியிலே நடத்தினார்கள். குறையோடு கூடிய தீர்ப்பை மேல்முறையீட்டிலே தாக்கலாம், ஏட்டிலே தாக்கலாம். பிறக்காத தீர்ப்பை எதைக் கொண்டு தாக்குவது?

இதிலே மூக்கை நுழைத்தவர் யார் என்பதையும் கேளுங்கள். 2025 ஜூலை 9ஆம் நாள் டிரம்ப், போல்சனாரோ மீதான வழக்கை உடனே நிறுத்த வேண்டுமென்றும், பிரேசில் பண்டங்களுக்கு 50 சதவீதம் வரி என்றும் கடிதம் விடுத்தார். ஜூலை இறுதியிலே நீதிபதி மொராயஸ் மீது பொருளாதாரத் தடை. பிரேசிலோடு வாணிபத்திலே ஆதாயம் பெற்று வந்தது அமெரிக்காதான். நட்டம் என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை! தன் வழக்கு தொலைந்த பிறகு, அடுத்த வீட்டு வழக்கையும் தொலைக்கப் பார்த்தார். காப்பிக் கொட்டைக்கு வரி போட்டு நீதியைப் பணியவைக்கலாம் என்ற கணக்கு. நீதிமன்றம் பணியவில்லை, அமெரிக்கக் குடும்பங்களின் காப்பிதான் விலையேறிற்று. நவம்பரிலே காப்பிக்கும் மாட்டிறைச்சிக்கும் அந்த வரியை நீக்கிக் கொண்டார்கள். டிசம்பரிலே மொராயஸ் மீதான தடையையும் நீக்கினார்கள். பிரேசிலின் உள்ளேயும் ஓய்வில்லை; அந்த டிசம்பரிலேயே தண்டனைக் காலத்தைக் குறைக்கும் மசோதாவை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது; 2026 ஜனவரி 8ஆம் நாள் லூலா அதற்கு ஒப்புதல் மறுத்தார்.

எஞ்சியிருந்தது ஜார்ஜியா. 2023 ஆகஸ்டில் அந்த மாநிலத்தின் ஃபுல்டன் வட்டார வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ், டிரம்ப் உள்ளிட்ட 19 பேர் மீது வழக்குத் தொடுத்தார். மாநில வழக்கு, ஆகவே தலைவரின் மன்னிப்பு அங்கே செல்லாது. நால்வர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஆனால் வழக்கு நடத்திய வில்லிஸ், அதே வழக்குக்காகத் தாம் அமர்த்திய வழக்கறிஞரோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தார் என்பது வெளியாயிற்று. எதிர்த்தரப்புக்கு வேறென்ன வேண்டும்? வழக்கை விட்டுவிட்டு அந்த உறவைத்தான் ஆண்டுக் கணக்கிலே விசாரித்தார்கள். 2024 டிசம்பரில் அவர் விலக்கப்பட்டார். வழக்கு வேறு கைக்கு மாறிற்று.

2025 நவம்பர் 25ஆம் நாள், பிரேசிலியாவிலே, போல்சனாரோவின் தீர்ப்பு இறுதியாகிவிட்டது, தண்டனை தொடங்குக என்று ஆணை பிறந்தது. மறுநாள், நவம்பர் 26, அட்லாண்டா நகரிலே, ஜார்ஜியா வழக்கு முழுவதும் தள்ளப்பட்டது. பதவியிலிருக்கும் தலைவர் ஜார்ஜியாவுக்கு வந்து கூண்டிலே நிற்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்பது, வழக்கைக் கைவிட்ட புதிய வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த காரணங்களிலே ஒன்று.